கர்ச்சீப்பும் ஐந்து நிமிடமும்

வில்லனின் கையாள் பின்பக்கமாக வருவான். கையில் வெள்ளைக் கர்ச்சீப். அதைக் கதாநாயகியின் மூக்கோடு வைத்து அழுத்துவான். அவள் கண்கள் ஒரு சுற்றுச் சுற்றும், கை இரண்டு தடவை உதறும், அவ்வளவுதான், அவன் தோளிலேயே சாய்ந்துவிடுவாள். அடுத்த காட்சி, பாழடைந்த கிடங்கு. நாற்காலியில் கட்டிவைக்கப்பட்ட நிலையில் கண்விழிப்பாள். வாந்தி கிடையாது, தலைவலி கிடையாது, நாக்குக் குழறல் கிடையாது. "நான் எங்க இருக்கேன்?" என்று சுத்தமான உச்சரிப்பில் கேட்பாள். கறுப்பு வெள்ளைப் படங்களில் தொடங்கி இன்றைய வெப் சீரிஸ் வரை இந்தக் காட்சிக்கு வயதாகவே இல்லை.

கர்ச்சீப்பில் இருப்பதாக நாம் நம்புவது குளோரோபார்ம். நிஜக் குளோரோபார்மால் ஒருவரை நினைவிழக்கச் செய்ய, அதன் ஆவியை ஏறக்குறைய ஐந்து நிமிடம் விடாமல் சுவாசிக்கவைக்க வேண்டும். அதோடு வேலை முடிவதில்லை. துணியை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் விழிப்பு திரும்பத் தொடங்கும். ஆகவே ஆவியைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்காதபடி தாடையைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் திரையில் ஒரு முழுப் பாட்டு. ஒரு கடத்தலுக்கு அவ்வளவு நேரத்தை எந்த இயக்குநர் கொடுப்பார்?

அந்த ஐந்து நிமிடமும் அமைதியாகக் கழியாது என்பது இன்னொரு சங்கதி. அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெடல், குளோரோபார்மைப் போன்ற இன்னொரு மயக்க மருந்தான ஈதர் தரும் மயக்கத்தின் படிநிலைகளை வகுத்து 1920-ல் வெளியிட்டார். முதல் நிலையில் வலி மரக்கும், பேச்சு தடுமாறும். இரண்டாவது, கிளர்ச்சி நிலை. நினைவு போயிருக்கும், ஆனால் உடம்பு அடங்கியிருக்காது. கத்துவார்கள், கைகால்களை உதறுவார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், வாந்தி எடுப்பார்கள். மூன்றாவது நிலையில்தான் கத்தி வைக்கலாம். நான்காவதில் மூச்சு நிற்கும். சினிமாக்காரர்கள் இரண்டாவது நிலையை மொத்தமாகக் கத்தரித்துவிடுகிறார்கள். பழைய ஆஸ்பத்திரிகளில் அந்த இரண்டாவது நிலைக்காகவே நோயாளியைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நின்றார்கள்.

இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது? குளோரோபார்ம் பிரபலமான விதத்திலேயே அதற்கு ஒரு விதை இருக்கிறது. எடின்பரோ நகரின் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன், ஈதரைவிட நல்ல மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய தேடல் முறை இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் ஏற்காத ஒன்று. கையில் கிடைத்த திரவத்தையெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உதவியாளர்களோடு உட்கார்ந்து முகர்ந்து பார்ப்பார். 1847 நவம்பர் 4 இரவு, குயின் தெரு வீட்டில், டம்ளர்களில் ஊற்றிய குளோரோபார்மை அவரும் கீத், டங்கன் என்ற இரண்டு மருத்துவர்களும் முகர்ந்தார்கள். முதலில் மூவருக்கும் ஏகக் குதூகலம், ஓயாத பேச்சு. பிறகு மூவரும் மேஜைக்கு அடியில் கிடந்தார்கள். கண்விழித்த சிம்ப்சனுக்குத் தேடியது கிடைத்துவிட்டது. சில வாரங்களுக்குள் பிரிட்டன் முழுக்கக் குளோரோபார்ம்தான். 1853-ல் இளவரசர் லியோபோல்டைப் பெற்றெடுக்கும்போது விக்டோரியா மகாராணியே அதை முகர்ந்தார். கொடுத்தவர் ஜான் ஸ்னோ. அடுத்த ஆண்டு லண்டனில் பரவிய காலராவைக் குடிநீர்க் குழாய் ஒன்றோடு முடிச்சுப் போட்டுக் காட்டிய அதே ஸ்னோதான்.

மருந்து பிரபலமானதும் பயமும் பிரபலமானது. தெருவில் போகிறவர் முகத்தில் துணியை வைத்து மயக்கிப் பணத்தைப் பறிக்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. பறிகொடுத்தவர்கள் சிலருக்கு அது வசதியான விளக்கமாகவும் இருந்திருக்கும். எந்தச் சந்தில், யாரோடு இருந்தோம் என்று வீட்டில் சொல்வதைவிடக் குளோரோபார்ம் என்று சொல்வது சுலபம். பயம் நாடாளுமன்றம் வரை போனது. குற்றம் செய்வதற்காகக் குளோரோபார்ம் கொடுப்பதைக் கடும் குற்றமாக்கும் சட்டப்பிரிவு 1851-ல் வந்தது. அதை முன்வைத்த தலைமை நீதிபதி கேம்ப்பெல் பிரபுவுக்கு ஸ்னோ ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். விழித்திருக்கும் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் மயக்குவது நடக்காத காரியம் என்பது அதன் சாரம்.

ஸ்னோ எடுத்துக்காட்டிய சம்பவம் ஒன்று சுவையானது. கெண்டல் என்ற ஊரின் விடுதியில் ஒரு திருடன் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தான். நள்ளிரவில் வெளியே வந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரின் முகத்தில் குளோரோபார்மை வைத்தான். முதியவர் விழித்துக்கொண்டார். இரவு உடையெல்லாம் ரத்தம் படிகிற அளவுக்குப் போராட்டம். கடைசிவரை அவர் மயங்கவில்லை. போட்ட கூச்சலில் விடுதியே எழுந்து வந்தது. ஆயத்தமாக வந்த திருடன், தூங்கும் கிழவர், கையில் மருந்து என்று எல்லாம் கூடியிருந்தும் காரியம் நடக்கவில்லை. 1865-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் பொறுமையிழந்து ஒரு சவாலே விட்டது: குளோரோபார்மால் ஒருவரைக் கணத்தில் நினைவிழக்கச் செய்து காட்டுகிறவருக்கு அறிவியலில் நிலையான புகழ் காத்திருக்கிறது என்று. அந்தப் புகழை இன்றுவரை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

கதாசிரியர்களுக்கு லான்செட் எதற்கு? ஆர்தர் கோனன் டாயில் எடின்பரோவில் பிறந்து, அங்கேயே மருத்துவம் படித்தவர். சிம்ப்சன் இறந்து ஆறே ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். விஷயம் தெரியாதவர் அல்ல. இருந்தும் 1917-ல் வந்த கதை ஒன்றில், ஜெர்மானிய உளவாளியின் கழுத்தைப் பிடித்து, குளோரோபார்ம் நனைத்த பஞ்சை முகத்தில் வைத்து, ஷெர்லாக் ஹோம்ஸ் நொடியில் காரியத்தை முடிக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் எழுதிய இன்னொரு கதையில் டாயிலுக்குள் இருந்த டாக்டர் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறார். சவப்பெட்டிக்குள் குளோரோபார்ம் கொடுத்து அடைக்கப்பட்ட ஒரு சீமாட்டியை மீட்டதும், செயற்கைச் சுவாசம் கொடுத்து, ஊசி போட்டு, நெடுநேரம் போராடித்தான் உயிரைத் திருப்புகிறார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் நேர்மையானதாகப் படுகிறது. மயக்கத்திலிருந்து திரும்பி வருவது ஒரு பயணம் என்று அதை எழுதிய கைக்குத் தெரிந்திருந்தது.

வேகத்தைப் பற்றிய பொய்கூட மன்னிக்கத்தக்கதுதான். படத்தை இரண்டரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய பொய், மயங்கியவர் தானாகவே பத்திரமாக இருப்பார் என்பது. விழிப்புக்கும் மரணத்துக்கும் நடுவில் மயக்கம் ஒரு வயல் வரப்பு போலத்தான் ஓடுகிறது. வரப்பு ஒடுக்கம், வழுக்கல் வேறு, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். குளோரோபார்மின் கதையில் இதற்கு முதல் விலை கொடுத்தவள் ஒரு சிறுமி.

ஹானா கிரீனர், வயது 15. இங்கிலாந்தின் நியூகாசில் அருகே வின்லட்டன் என்ற ஊர். கால் விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. 1848 ஜனவரி 28 அன்று, சிம்ப்சனின் மேஜை விருந்துக்கு மூன்று மாதம் முடிவதற்குள், பயந்து அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, துணியில் குளோரோபார்ம் விட்டு முகர வைத்தார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மூச்சு நின்றதால் இறந்தாளா, இதயம் நின்றதால் இறந்தாளா என்று தொடங்கிய சண்டை அறுபது ஆண்டு நீடித்தது.

அந்தச் சண்டையின் பெரிய அத்தியாயம் நடந்தது நம் பக்கத்தில், ஹைதராபாதில். அங்கே மருத்துவப் பள்ளியை நடத்திய எட்வர்ட் லாரி, எடின்பரோ மரபில் வந்தவர். குளோரோபார்ம் கொடுக்கும்போது நாடியைப் பார்க்க வேண்டியதில்லை, மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு அதனால் நேரடி ஆபத்து இல்லை என்பது அவர் கட்சி. ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானின் செலவில் 1888-ல் ஒரு குளோரோபார்ம் கமிஷன் கூடி, அவர் கட்சியே சரி என்றது. லான்செட் அதை நம்பவில்லை. மறுபடியும் நிஜாமே பணம் கொடுக்க, லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற புகழ்பெற்ற மருந்தியல் நிபுணர் கப்பலேறி வந்தார். 1889-ல் இரண்டாவது கமிஷன். நாய், குரங்கு என்று நூற்றுக்கணக்கான விலங்குகள் சோதிக்கப்பட்டன. மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று பிரண்டனும் ஒப்புக்கொண்டார். லாரிக்கு வெற்றி. அவரிடம் படித்து, ஹைதராபாதில் ஆண்டுக்கணக்காகக் குளோரோபார்ம் கொடுத்த ரூபாபாய் பர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருந்து மருத்துவர்களில் ஒருவராக அறியப்படுகிறார். நம் மருத்துவப் பாடப்புத்தகங்களில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

ஆனால் லாரியின் முடிவு தவறு. 1911-ல் லண்டனில் குட்மன் லெவி, பூனைகளை வைத்து அதைக் காட்டினார். ஆழ்ந்த மயக்கத்தில் இதயம் சமாளித்துக்கொள்கிறது. ஆபத்து லேசான மயக்கத்தில் இருக்கிறது. அரைகுறையாகக் குளோரோபார்ம் ஏறிய உடலில் அட்ரினலின் பாய்ந்தால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கின்றன. ரத்த ஓட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. அட்ரினலின் எப்போது பாயும்? பயத்தில். போராடும்போது. ஹானா அழுதுகொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் கர்ச்சீப் காட்சிக்கு மறுபடி போய்ப் பாருங்கள். பின்னாலிருந்து வரும் முரட்டுக் கை, திகில், திமிறல், அளவு தெரியாத ஆவி, லேசான மயக்கம். லெவி தன் ஆய்வகத்தில் மரணத்தை வரவழைக்கத் தேவைப்பட்ட அத்தனை அம்சங்களும் அதில் கூடி நிற்கின்றன. திரைக்கதை நிஜத்தில் நடந்தால் கிடங்கில் கதாநாயகி கண்விழிக்காமலே போகலாம். பிழைத்தாலும் கல்லீரலை அந்த மருந்து விட்டுவைக்காமல் போகலாம். அறுவை அரங்குகள் குளோரோபார்மைக் கைவிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதை இன்னும் விடாமல் வைத்திருப்பது வில்லன்கள் மட்டுமே.

சரி, இன்றைய மருத்துவத்தில் உள்ள அதிவேக மருந்து எது? புரோபோபால். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயையும் முட்டைக் கருவிலிருந்து எடுத்த லெசித்தினையும் கலந்து குழம்பாக்கியிருப்பதால் அந்த நிறம். கண்டுபிடித்த இயான் கிளென் அடிப்படையில் கால்நடை மருத்துவர். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1970-களில் வேலையைத் தொடங்கினார்; 1986-ல் மருந்து விற்பனைக்கு வந்தது; 2018-ல் அவருக்கு மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலர் அதைச் சந்தித்திருப்பார்கள். கையில் ஏறும்போது ஓர் எரிச்சல், மருத்துவர் ஏதோ கேட்கிறார், பதில் சொல்ல வாயெடுக்கிறோம், அடுத்த கணம் "எல்லாம் முடிந்தது, கண்ணைத் திறங்க" என்கிறார்கள்.

அந்தக் "கணம்"கூட நிஜத்தில் முப்பது நாற்பது விநாடி. கை நரம்பில் ஏறிய மருந்து இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றி, மறுபடி இதயத்துக்கு வந்து, அங்கிருந்து மூளைக்கு ஏற வேண்டும். ரத்தம் ஓடும் வேகத்தைவிட வேகமாக எந்த மருந்தும் ஓட முடியாது. இயற்கை வைத்திருக்கும் குறைந்தபட்ச நேரம் அது. எந்த உளவு நிறுவனத்தின் ரகசிய ஆய்வகமும் அதைக் குறைக்க முடியாது. மூளையை அடைந்ததும் புரோபோபால், நரம்பணுக்களின் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் கையை ஓங்கச் செய்கிறது. அதனால் எப்படித் 'தான்' என்ற உணர்வே மறைகிறது என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் இல்லை. இத்தனைக்கும் மயக்குவதற்கு மூளையே தேவையில்லை என்பது போன்ற ஒரு சோதனை 1870-களிலேயே நடந்திருக்கிறது. பிரெஞ்சு உடலியல் மேதை குளோத் பெர்னார், தொட்டாற்சிணுங்கிச் செடியை ஈதர் ஆவியில் வைத்தார். தொட்டால் சிணுங்கவில்லை. ஆவி விலகியதும் பழையபடி சிணுங்கியது.

புரோபோபாலில் தூங்கவைப்பது எளிது. அதோடு ரத்த அழுத்தம் சரியும், மூச்சும் பெரும்பாலும் தற்காலிகமாக நின்றுபோகும். மயக்க மருந்து மருத்துவரின் உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. முகமூடியால் காற்றை ஊட்டுவது, குழாய் வைப்பது, திரையில் ஓடும் எண்களைப் பார்ப்பது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டருக்கு அடிப்படையான தத்துவத்தை ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகி 1974-ல் கண்டுபிடித்தார். மயக்கத்தில் நேரும் மரணங்களைக் குறைத்ததில் எந்தப் புது மருந்துக்கும் குறையாத பங்கு அந்தக் கருவிக்கு உண்டு. கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் மைக்கேல் ஜாக்சன். தூக்கத்துக்காக வீட்டிலேயே புரோபோபால் ஏற்றிக்கொண்டவர் 2009 ஜூன் 25 அன்று இறந்தார். கொடுத்த மருத்துவர், கழிவறைக்காக இரண்டு நிமிடம்தான் அறையை விட்டுப் போனேன் என்று போலீசாரிடம் சொன்னார். 2011-ல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

நரம்பில் போட்டாலே இவ்வளவு நேரம் என்றால், சினிமாவில் கழுத்தில் குத்தும் ஊசி? ஓடிக்கொண்டிருப்பவனின் கழுத்தில், பின்னாலிருந்து, இருட்டில், நரம்பைச் சரியாகக் கண்டுபிடித்துக் குத்துவது திறமையான மருத்துவருக்கே இயலாது. ஊசி தசையில்தான் இறங்கும். தசையில் போட்டால் வேகமாக வேலை செய்யும் மருந்துகளில் ஒன்று கெட்டமின்; அதற்கே சில நிமிடம் ஆகும். மற்றவற்றுக்குப் பத்து, இருபது நிமிடம்கூட ஆகலாம். 'டெக்ஸ்டர்' தொடரின் கொலைகாரக் கதாநாயகன், யானைகளுக்குப் போடும் எட்டார்பினைக் கழுத்தில் குத்தி ஆட்களைச் சாய்க்கிறான். நிஜத்தில் கால்நடை மருத்துவர்கள் அந்தப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே மாற்று மருந்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். தோலில் சிந்தும் துளிக்குக்கூட பயப்பட வேண்டிய சரக்கு அது. ஜப்பானியக் காமிக்ஸின் துப்பறியும் சிறுவன் கோனனிடம் ஊசி பாயும் கைக்கடிகாரம் உண்டு. 1994-லிருந்து அவனிடம் குத்து வாங்கும் துப்பறிவாளர் ஒருவர் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதே மருத்துவ அதிசயம்.

கற்பனையையும் நிஜத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தமிழர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. அரிசிக்கொம்பன். 2023 ஏப்ரல் 29 அன்று கேரளத்தின் சின்னக்கானலில் அந்த யானைக்கு மயக்க ஊசி போட்டார்கள். தொலைக்காட்சியில் நேரலை. ஊசி பாய்ந்தது, யானை விழவில்லை. நடந்தது. மறுபடி ஊசி. இப்படிப் பல டோஸ்கள், பல மணி நேரம், நான்கு கும்கிகள். சாயங்காலம் மழைக்கு நடுவே லாரியில் ஏற்றும்போதுகூடத் திமிறிக்கொண்டுதான் ஏறியது. அடுத்த மாதம் அதே யானை தேனி மாவட்டம் கம்பத்துக்குள் புகுந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது. நேரலையைப் பார்த்த பலர் கேட்டார்கள்: "ஊசி போட்டும் ஏன் விழல?"

விழக் கூடாது என்பதுதான் பதில். ஐந்து டன் எடை நெஞ்சை அழுத்தும்படி யானை கவிழ்ந்து விழுந்தால் மூச்சுவிட முடியாது. அதனால் பல சமயங்களில் மருத்துவர்கள் நின்றபடியே கிறங்கும் அளவுக்குத்தான் மருந்து கொடுக்கிறார்கள். ஊசி பாய்ந்ததிலிருந்து கிறக்கம் வரப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். பயந்து ஓடினால் அட்ரினலின் மருந்தை எதிர்த்து நிற்கும், நேரம் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் யானை பள்ளத்தாக்கின் விளிம்புக்கோ நீர்நிலைக்கோ போய்விடக் கூடாது. எடையைக் கண்ணால் பார்த்தே கணிக்க வேண்டும். வெயில் ஏறினால் உடம்புச் சூடு ஏறும். தண்ணீர் ஊற்ற வேண்டும். மிரளாமலிருக்கக் கண்ணைத் துணியால் மூட வேண்டும். வேலை முடிந்ததும் காது நரம்பில் மாற்று மருந்து. தமிழகக் காடுகளில் இந்தக் கலையை வளர்த்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, 'டாக்டர் கே'. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதைக்கு மூலமானவர். மயக்க மருந்துத் துப்பாக்கியை 1950-களில் உருவாக்கியவரோ நியூசிலாந்தின் மருந்தாளுநரும் கால்நடை மருத்துவருமான காலின் முர்டாக். அவர் காலத்திலிருந்து துப்பாக்கி எவ்வளவோ முன்னேறிவிட்டது. காத்திருக்கும் நேரம் மட்டும் மிச்சமிருக்கிறது.

சினிமாவில் இன்னொரு வகையும் உண்டு. ஏசி துவாரம் வழியாகப் புகை வரும், மண்டபமே தூங்கிவிடும், கதாநாயகன் முகமூடி மாட்டிக்கொண்டு நுழைவான். இதை ஓர் அரசாங்கம் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறது. 2002 அக்டோபர் 23 அன்று மாஸ்கோவின் துப்ரோவ்கா அரங்கில் ஓர் இசை நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, சுமார் 40 செச்னியத் தீவிரவாதிகள் புகுந்து எண்ணூறுக்கும் மேற்பட்டோரைப் பிணை பிடித்தார்கள். உடம்பில் வெடிகுண்டு கட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். 26-ஆம் தேதி அதிகாலை, காற்றோட்டக் குழாய்கள் வழியே ரஷ்யப் படைகள் மயக்க வாயுவைச் செலுத்தின. வாயு கணத்தில் வேலை செய்யவில்லை; உள்ளே இருந்தவர்கள் அதைக் கவனித்தார்கள், துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் குண்டுகள் வெடிக்கவில்லை, தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள். அதுவரை கதை சினிமாப்படிதான் போனது.

பிணையாளிகளில் ஏறத்தாழ 130 பேர் இறந்தார்கள். அநேகமாக எல்லோரும் வாயுவால். என்ன வாயு என்று ஆம்புலன்சில் வந்த மருத்துவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மயங்கியவர்களைத் தூக்கி வந்து வெளியில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். நாக்கு சரிந்தும் வாந்தி புரையேறியும் பலர் மூச்சு முட்டிப்போனார்கள். அந்த அரங்கிலிருந்து தப்பியவர்களின் உடைகளையும் சிறுநீரையும் பரிசோதித்த பிரிட்டிஷ் அறிவியலாளர்கள், கார்பென்டனில், ரெமிபென்டனில் என்ற இரண்டு மருந்துகளின் தடயத்தை 2012-ல் வெளியிட்டார்கள். முதலாவது, பெரிய வனவிலங்குகளைச் சாய்க்கப் பயன்படுவது. குழந்தையும் கிழவரும், மெலிந்தவரும் பருத்தவரும், துவாரத்துக்குக் கீழே உட்கார்ந்தவரும் கடைசி வரிசையில் இருந்தவரும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் கூடத்தில், எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அளவு இருக்கவே முடியாது. 2011-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வாயுவைப் பயன்படுத்திய முடிவைத் தவறென்று சொல்லவில்லை. மீட்பையும் சிகிச்சையையும் திட்டமிட்ட லட்சணத்தைத்தான் கண்டித்தது. மூளையைத் தாக்கும் மருந்துகளைக் காற்றில் தூவிச் சட்டம் ஒழுங்குக்குப் பயன்படுத்துவது ரசாயன ஆயுத ஒப்பந்தத்துக்கு ஒவ்வாதது என்று, ஒப்பந்த நாடுகளின் மாநாடு 2021 டிசம்பரில் முடிவெடுத்தது.

பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டி ஆளைச் சாய்க்கும் வித்தையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அடியால் நினைவிழந்தவர் சில நிமிடங்களுக்கு மேல் எழாவிட்டால் அது மயக்கம் அல்ல, மூளைக் காயம். ஸ்கேன் எடுக்க வேண்டும்.

'முகவரி கேட்பதுபோல் வந்து ஒரு சீட்டை முகரச் சொல்வார்கள், முகர்ந்ததும் நகையையெல்லாம் நீங்களே கழற்றிக் கொடுத்துவிடுவீர்கள்' என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு முகர்வில் ஆளை அப்படி ஆட்டிவைக்கும் பொருள் மருந்தியலில் இல்லை. இருப்பது வேறு. ரயிலில் சிநேகமாகப் பேசி, தூக்க மருந்து கலந்த பிஸ்கட்டையோ டீயையோ நீட்டுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்தியல் தெரிந்திருக்கிறது: கொடுத்துவிட்டு, அரை மணிக்கு மேலும் பொறுமையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே சீட்டுக்குப் பயப்பட வேண்டாம், தெரியாதவர் தரும் டீயை வாங்க வேண்டாம். பயணத்தில் யாராவது எழுப்ப எழுப்ப எழாமல் கிடந்தால், தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மல்லாக்க விடாமல் ஒருபக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள்.

உங்களுக்கே அறுவை சிகிச்சை என்றால் அதற்கு முன் ஒரு மருத்துவர் வந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பல் ஏதாவது ஆடுகிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேர இடைவெளி போதும். பால் கலந்த காபியும் டீயும் சாப்பாட்டுக் கணக்கில் சேரும், ஆறு மணி நேரம் வேண்டும். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் குடித்த அரை டம்ளர் காபி இருந்தால், ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்களே என்று மறைக்காமல் அதையும் சொல்லிவிடுங்கள்.